ரிகம்பென்ட் ட்ரைக்: வேலூர் ரோட்டில் சில வருஷம் ஓட்டிய பிறகு

இடுப்பு வலிக்காகத்தான் இதை வாங்கினேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் வலை சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னே நீட்டி மிதிக்கிற வண்டி. சீட் விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. சத்துவாச்சாரியிலிருந்து ஆற்காடு போய்த் திரும்பினாலும் இடுப்பும் மணிக்கட்டும் முனகுவதில்லை. ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும். ஆனால் மூணு சக்கரம் என்பதால் சாயாது. இருப்பதிலேயே லேசான கியரில் நடக்கிற வேகத்தில் மிதித்துக்கொண்டே போய்விடலாம்.

சாய்ந்து ஓட்டினால் வேகம் வராது என்று சொல்லிவிட முடியாது. 1933-ல் பாரிசில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் இந்த வகை இரு சக்கர வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குமேல் ஓட்டிச் சாதனை செய்தார். அடுத்த வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையைப் போட்டிகளிலிருந்து ஒதுக்கி வைத்தது. என் வேகத்தைப் பார்த்து எந்தச் சங்கமும் கலவரப்படாது.

நம்ம ஊர் வெயிலைச் சொல்லியாக வேண்டும். முகம் வானத்தைப் பார்த்து இருக்கிறது, முதுகுக்குக் கீழே தார் ரோடு. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது மேலேயும் கீழேயும் வறுபடுவோம். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுவேன். சக்கரம் மூன்றும் மூன்று தடத்தில் ஓடுவதால் பள்ளத்தை நடுவில் விட்டு ஓட்டினாலும் பின் சக்கரம் அதில் விழும். சீமைக் கருவேல முள்ளுக்கும் மூணு மடங்கு வாய்ப்பு. இதில் ஒரு நல்லது, முன் சக்கரங்களின் அச்சு காரில் இருப்பதைப்போல ஒரு பக்கம்தான் பிடித்திருக்கும். வண்டியைச் சாய்த்துவிட்டால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை உருவி ஒட்டு போடலாம்.

வாங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது காலைப் பெடலோடு பிடித்து வைக்கும் பட்டை. கால் நழுவித் தரையைத் தொட்டால் ஓடுகிற வண்டி அதன்மேல் ஏறி, காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துவிடும். கணுக்கால் போய்விடும். உயரமான கொடியும் இல்லாமல் சர்வீஸ் ரோட்டில்கூட இறங்க வேண்டாம். லாரி டிரைவர் கண்ணுக்கு நாம் தெரிவதே அந்தக் கொடியால்தான்.

இனி வண்டி நடுவழியில் நின்றுபோன நாள் விஷயம். தை மாதக் கடைசி. கணியம்பாடி தாண்டி அமிர்தி பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அந்த சீசனில் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் டிராக்டரும் ஏறி ஏறி, காய் வெடித்துக் கொள்ளு உதிரும். பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள், போடாதீர்கள் என்று பலரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். களம் இல்லாதவர்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்?

என் வண்டிக்குப் பின்னாலும் 20 இஞ்ச் சக்கரம். கியர் மாற்றுகிற டீரெயிலர் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கும். ‘கரக் கரக்’ என்று சத்தம் கேட்டது. அடுத்த மிதியில் பெடல் அப்படியே நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், கொடிக் கொடியாகக் கொள்ளுத் தண்டு டீரெயிலரின் சின்னப் பல்சக்கரங்களில் சுற்றி, அதை மேலே இழுத்து ஆரக்கம்பிக்குள் செருகியிருந்தது. அதைத் தாங்குகிற அலுமினிய ஹேங்கர் வளைந்துவிட்டது. ஃபிரேம் தப்பிக்க, தான் வளைந்து கொடுப்பதற்காகவே வைத்திருக்கிற துண்டு அது. செடி புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் கதிர் அருவாளை நீட்டினார். “அறுத்துட்டு ஓரமா இஸ்துக்கினு போங்க சார், பஸ் வர்ற நேரம்.” பின் சக்கரம் சுழலவில்லை. சீட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, முன் சக்கரங்களில் பின்னோக்கி இழுத்துக்கொண்டே அடுத்த ஊர்வரை நடந்தேன்.

வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். “கவர்மென்ட்ல குடுத்ததா சார்?” இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. “இல்லண்ணா, நானே வாங்கினது” என்றேன். “படுத்துக்கினே ஓட்றீங்களா, குடுத்து வச்சவரு” என்று உட்கார்ந்தார். செயினின் நீளத்தைப் பார்த்துத்தான் அசந்துபோனார். பெடல் வண்டியின் மூக்கிலும் பின் சக்கரம் வாலிலும் இருப்பதால், சீட்டுக்கு அடியில் கப்பி வழியாகவும் பிளாஸ்டிக் குழாய் வழியாகவும் ஓடுகிற செயின் இது. சாதாரண சைக்கிள் செயின் சுமார் 5 அடி என்றால் இது அதைப்போல மூணு பங்குக்குக் கிட்டே வரும்.

வளைந்த ஹேங்கரை நிமிர்த்தினால் விரிசல் விடும். இந்த மாடலுக்கென்று வருகிற துண்டு என்பதால் லோக்கல் கடைகளில் கிடைக்கவும் கிடைக்காது. அதனால் டீரெயிலரையே கழற்றிவிட்டு, பின் சக்கரத்தில் நேர்கோட்டில் இருக்கிற ஒரு நடுப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டு ஒற்றை கியராக்குவது என்று முடிவானது. அவர் ஆணியும் சுத்தியும் வைத்து செயினின் பின்னைத் தட்டி எடுத்தார். என் பையில் இருந்த செயின் லாக்கை, அதாவது இரண்டு முனையையும் இணைக்கிற கண்ணியை, போட்டோம். ஆனால் செயினை ஒரு இஞ்ச், ஒரு இஞ்சாகத்தான் குறைக்க முடியும். ஒரு கண்ணி எடுத்தால் மாட்டவே எட்டவில்லை, விட்டால் தொளதொள. சாதாரண சைக்கிளில் பின் சக்கரத்தைப் பின்னே தள்ளி இறுக்குவார்கள். இதில் அப்படித் தள்ள இடமில்லை.

அவர் முன்னால் போய், பெடலைத் தாங்குகிற குழாயைத் தட்டிப் பார்த்தார். “இது நவுருமா?” நகரும். ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்ப நீட்டிக் குறைக்கிற குழாய் அது. அலன் கீயால் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, காலால் சீட்டை உதைத்துக்கொண்டு குழாயை முன்னே இழுத்தார். மேல் செயின், கீழ்ச் செயின் இரண்டும் சேர்ந்து இழுபடுவதால் அரை இஞ்ச் நகர்த்தினாலே ஒரு இஞ்ச் தொய்வு போய்விடும். காலுக்கு வித்தியாசமே தெரியாது. பெடல் கோணலாகத் திரும்பாமல் இருக்க எதிரே குத்துக்காலிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்து, போல்ட்டை இறுக்கினார். கட்டை விரலால் செயினை அழுத்தி, “அரை இஞ்சு ஆடுது, போதும்” என்றார். காசு ஐம்பதுதான் வாங்கினார்.

ஒற்றை கியரிலேயே வேலூர் வந்து சேர்ந்தேன். குட்டி யானைக்குப் போன் போடத் தேவைப்படவில்லை.

புதிதாக எடுப்பவர்கள் பின்னால் 26 இஞ்ச் சக்கரம் உள்ளதாகப் பாருங்கள். டீரெயிலர் கொஞ்சம் மேலே ஏறும். வண்டியோடு இரண்டு ஹேங்கர் சேர்த்து வாங்கிவிடுங்கள். செயின் லாக், அலன் கீ, சின்னக் கத்தி பையிலேயே இருக்கட்டும். கொள்ளோ கேழ்வரகுத் தாளோ பரப்பியிருந்தால் இறங்கிப் பின்பக்கத்தைத் தூக்கிக் கடப்பதுதான் சரி. மிதிக்காமல் உருட்டினால் பல்சக்கரம் சுற்றாது, சிக்குவது குறையும். ஆனாலும் அதை நம்பி நான் போவதில்லை.

கியர் முழுக்கப் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும் வகைக்கு மாறலாமா என்று இப்போது யோசனை. தொங்குகிற டீரெயிலர் அதில் கிடையாது. செயினை எப்படி இறுக்குவது என்பதுதான் எனக்கிருந்த சந்தேகம். அதைக் கடைக்காரர் தீர்த்துவிட்டார். விலைதான் இடிக்கிறது.