நிணநீர்ப் புற்றுநோய் விளக்கக் கையேடும் ஆலோசனை அமர்வும்: ஒரு மதிப்பீடு

என் அண்ணனுக்கு ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது பயாப்சியில் உறுதியான வாரத்தில், மருத்துவமனையின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவினர் ஒரு விளக்கக் கையேட்டைக் கொடுத்து, அதையொட்டிய ஆலோசனை அமர்வுக்கும் எங்களை அழைத்தார்கள்.

அறிகுறிகளைப் பற்றிய பகுதியைத் தயங்காமல் பாராட்டலாம். தொண்டைப் புண்ணோ காலில் காயமோ வந்தால் நெறி கட்டுவதும், அது தொட்டால் வலிப்பதும், புண் ஆறியதும் வற்றிவிடுவதும் எல்லோரும் அறிந்ததே. இந்த நோயிலோ கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் வலிப்பதில்லை, வாரக்கணக்கில் வற்றுவதுமில்லை என்ற வேறுபாட்டைக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. வலிக்கவில்லை என்பதாலேயே மூன்று மாதம் பொருட்படுத்தாமல் இருந்த அண்ணன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை நனையுமளவுக்கு இரவு வியர்வை, 6 மாதத்துக்குள் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைவு ஆகிய மூன்றும் ‘பி அறிகுறிகள்’ எனப்படுவதையும், நோய்நிலையைக் குறிக்கும் எண்ணோடு ‘ஏ’ அல்லது ‘பி’ என்ற எழுத்து சேர்வது அதனால்தான் என்பதையும் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். தடிப்பில்லாத அரிப்பு, மார்புக்குள் நிணநீர்க் கணுக்கள் பெருத்தால் வரும் இருமல், மண்ணீரல் வீங்கினால் சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடும் உணர்வு ஆகியவையும் விடுபடவில்லை.

காரணங்களுக்கு வரும்போது கையேடு தடுமாறுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ், எச்ஐவி, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, உறுப்பு மாற்றுக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் என எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கியவர்கள், எது எந்த வகையோடு தொடர்புடையது என்று சொல்லவில்லை. ஹெலிகோபாக்டர் இரைப்பையில் தோன்றும் வேறொரு வகையோடு தொடர்புடையது. அண்ணனின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைரஸ் என்ற சொல்லைக் கண்டதும், இது பிள்ளைகளுக்கும் தொற்றுமோ என்று அண்ணி இரண்டு நாள் தூங்கவில்லை.

அந்தக் குறையை அமர்வை நடத்திய செவிலியர் தீர்த்துவைத்தார். லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுவின் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு, மடிய வேண்டிய அணு மடியாமல் பெருகிக்கொண்டே போவதுதான் நோய் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் 10 பேரில் 9 பேருக்கு எப்போதோ தொற்றியிருக்கும் என்றும், அவர்களில் மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது என்றும், ஆபத்தைக் கூட்டுவது வேறு, காரணமாவது வேறு என்றும் பொறுமையாகச் சொன்னார். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதை அண்ணிக்காக மட்டும் மூன்று முறை சொல்லியிருப்பார்.

1832இல் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்நோயை விவரித்த வரலாற்றுக்குக் கையேட்டில் அரைப் பக்கம் இருக்கிறது. ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது போதாமல் கணுவையே வெட்டியெடுத்துச் சோதிப்பது ஏன் என்பதற்கோ ஒரு வரிகூட இல்லை. நோயைக் காட்டிக்கொடுக்கும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணுக்கள் இயல்பான அணுக்களுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தால், இரண்டாம் முறை கத்தி வைத்தபோது நாங்கள் எரிச்சலடைந்திருக்க மாட்டோம்.

எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. நோய் உறுதியானவர்களுக்குத்தான் இந்தக் கையேடு தரப்படுகிறது. அதன் மிகச் சிறந்த பக்கமோ இன்னும் மருத்துவரைப் பார்க்காதவர்களுக்கானது. இதைச் சொன்னதும் செவிலியர் கூடுதலாக 4 பிரதிகள் கொடுத்தார். அவற்றில் இரண்டை எங்கள் குடும்ப மருத்துவரின் காத்திருப்பு அறையில் வைத்துவிட்டு வந்தேன்.