செராமிக் கோட்டிங்குக்கு 35,000 ரூபாய்: மதுரையில் நான் ஏமாந்த விதம்

காருக்குச் செராமிக் கோட்டிங், அதாவது பெயின்டின் மேல் தடவி இறுகவிடும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு, போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மதுரைப் பக்கத்து நண்பர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். இதே பேச்சை இதே சொற்களில் பேசும் கடைகள் வேறு சிலவும் இருப்பதால் ஒரு பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லை என்பது இன்னொரு காரணம். என் மீதும் தவறு உண்டு; அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் விளாங்குடியில் குடியிருந்துகொண்டு தினமும் மேலூருக்குக் காரில் போய்வருகிறவன். அடர்நீல வண்டி, வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அந்தச் சாலையில் கிரானைட் கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஒருமுறை போனவர்களுக்கே தெரியும், வீடு திரும்பும்போது வண்டியின் நிறம் என்னவென்று அடையாளம் தெரியாது. எங்கள் தெருவில் நிழல் தரும் ஒரே மரம் வேம்பு. அதன் கீழே நிறுத்தினால் காக்கை எச்சம், வெளியே நிறுத்தினால் வெயில். இந்த நிலையில்தான், உடன் வேலை பார்ப்பவர் சொன்னதைக் கேட்டுச் சித்திரை மாதத்தில் அந்தக் கடைக்குப் போனேன்.

வரவேற்பறை மேசையில் கோட்டிங் போட்ட பழைய பானட் (காரின் முன்மூடி) ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். உரிமையாளர் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அதில் பரபரவென்று தேய்த்துவிட்டு, விரலால் துடைத்து, "பாருங்க சார், ஒரு கோடு விழல. 9எச் கடினம். வைரம் பத்துன்னா இது ஒன்பது" என்றார். அஞ்சு வருஷத்துக்குப் பாலிஷ் வேண்டாம், மெழுகு வேண்டாம், பைப்பைத் திறந்துவிட்டால் அழுக்கு தானே ஓடிவிடும் என்றும் சொன்னார். விலை 35,000 ரூபாய். பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி, பில் வேண்டாமென்றால் அது மிச்சம் என்றார். பத்தாயிரத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு மீதியை ரொக்கமாகத் தர ஒப்புக்கொண்டேன். கணக்கு எழுதியே பிழைக்கிறவன் பில் இல்லாமல் காசு கொடுத்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பின்னால் என்னை மிகவும் பலவீனப்படுத்தியது அதுதான்.

அந்த 9எச் கதையை முதலில் அவிழ்த்துவிடுகிறேன். அது பென்சில் சோதனையின் அளவு. மென்மையான பி வகையிலிருந்து கடினமான எச் வகை வரை பென்சில்களை வரிசையாக எடுத்து, குறிப்பிட்ட எடையுடன் 45 பாகை சாய்வில் பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். வரிசையின் கடைசிப் பென்சிலான 9எச்சும் கீறவில்லை என்றால் அந்தப் பூச்சுக்கு 9எச் என்று போட்டுக்கொள்ளலாம். வைரத்துக்குப் பத்து என்று சொல்வது மோஸ் அளவுகோலில். அது கனிமங்களுக்கானது, இதற்கும் அதற்கும் உறவே இல்லை. கிரானைட்டிலும் சாலை மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. எந்தப் பென்சிலும் அதற்கு ஈடில்லை. ஆகவே மேலூர்ச் சாலைத் தூசியின் மேல் உலர்ந்த துணியைப் போட்டு ஒருமுறை இழுத்தால், 9எச் என்ன, எந்த எச்சும் கீறலைத் தடுக்காது. பூச்சின் தடிமனே பொதுவாக ஓரிரு மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையில் அடித்து வரும் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். சரளைக்கல் தெறித்துச் சில்லு விழாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்கு 150 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள ஒட்டுப்படலம் தனியாக இருக்கிறது. அது வேறு வேலை, வேறு விலை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியை விட்டேன். புதன்கிழமை மதியமே "ரெடி சார்" என்று அழைப்பு வந்தது. ஒன்றரை ஆண்டு ஓடிய வண்டியைக் கழுவி, பெயின்டில் ஒட்டிய இரும்புத்துகளையும் தாரையும் மருந்து போட்டு எடுத்து, களிமண் கட்டியால் தேய்த்து வழவழப்பாக்கி, மெஷின் பாலிஷ் போட்டுச் சுழல் கீறல்களைக் குறைத்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, அதன் பிறகுதான் பூச்சைத் தொட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பாலிஷுக்கே ஒரு முழு நாள் போய்விடும் என்று இப்போது தெரியும். அன்று எனக்கு, சுறுசுறுப்பான கடை என்று பெருமையாகத்தான் இருந்தது.

வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு பையன் பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் மொண்டு பானட்டின் மேல் வீசினான். முத்து முத்தாகத் திரண்டு, வழுக்கிக்கொண்டு ஓடிய அந்தக் காட்சியை நான் காணொளியாகவே எடுத்து வைத்திருக்கிறேன். பூச்சு போட்ட பின் முதல் ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு போட்டுக் கழுவக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் விதி. பூச்சு முழுதாக இறுகுவதற்கு அந்த அவகாசம் வேண்டும். வேலை முடிந்து சில மணி நேரமே ஆகியிருந்தபோது, அந்த விதியைக் கடைக்காரரே உடைத்ததைத்தான் நான் ரசித்துப் படம்பிடித்தேன். ஒரு வார விதியையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வார இறுதியில் ஒரு கோடை மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டில் ஷாம்பு போட்டுக் கழுவினேன்.

ஆடி முடிவதற்குள் பானட்டிலும் கூரையிலும் காலணா அளவுக்கு வெள்ளை வளையங்கள் தெரியத் தொடங்கின. ஈரத்துணியால் துடைத்தால் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். கதவுகளில் தண்ணீர் இன்னும் முத்தாக ஓடியது. பானட்டில் மட்டும் பாய் விரித்ததுபோல் பரவி நின்றது. கடைக்குப் போனேன். உரிமையாளர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நாற்காலியில் இருந்தபடியே உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தைக் காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே 2,500 ரூபாய் கொடுத்துப் பராமரிப்பு செய்திருக்க வேண்டும், வெளியே கழுவினால் உத்தரவாதம் செல்லாது, தண்ணீர்க் கறைக்கும் பறவை எச்சத்துக்கும் பொறுப்பில்லை என்று எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், அச்சடித்திருந்தது. ஐந்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் பராமரிப்புக்கே 50,000 ரூபாய் ஆகிறது. பூச்சின் விலையை விட அது அதிகம். "இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றேன். "அட்டையில இருக்கே சார், படிச்சவங்கதானே நீங்க" என்றார். அட்டையில் பொருளின் பெயரும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. கடையின் ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது.

பராமரிப்பு என்ற பெயரில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, கழுவி லேசாக ஒரு பாலிஷ் போடுவோம் என்றார். இந்த ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் என்பது மேற்பரப்பைச் சிராய்த்து எடுப்பது; ஓரிரு மைக்ரான் பூச்சின் மேல் அதைச் செய்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான்.

அதன் பிறகு ஒத்தக்கடைப் பக்கம் தனியாக டீடெய்லிங் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை) செய்யும் ஓர் இளைஞரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் ஷட்டரை இறக்கி இருட்டாக்கிவிட்டு, கையளவு விளக்கைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பின்கதவுக்கு மேலே கூரை ஓரத்தில், எண்ணெய் தடவிய விரல் பட்டதுபோல் கருத்த திட்டுகள் மூன்று இருந்தன. பூச்சைத் தடவியபின் உரிய நேரத்தில் துடைத்துச் சமப்படுத்தாமல் விட்டால் இப்படித் தடித்து இறுகிவிடும் என்றும், இனி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும் என்றும் சொன்னார். பழைய சுழல் கீறல்கள் எல்லாம் பூச்சுக்கு அடியில் அப்படியே இருந்தன. அதாவது எனக்குச் சொன்ன பாலிஷ் நடக்கவில்லை, அல்லது பெயருக்கு நடந்திருக்கிறது.

பானட்டைப் பார்த்து நான் கோட்டிங்கே போடவில்லையோ என்று சந்தேகப்பட்டபோது, அவர் அவசரப்படவில்லை. "அண்ணே, செத்துப்போச்சுன்னு சட்டுனு சொல்லிற முடியாது. அழுக்கு மூடிக் கிடக்கலாம். கழுவிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். இரும்புத்துகளைக் கரைக்கும் மருந்தைத் தெளித்ததும் பானட்டின் கீழ்ப்பகுதியில் கத்தரிப்பூ நிறத்தில் சாறு வழிந்தது. பிறகு உப்புக்கறைக்கான அமில நீரைத் துணியில் நனைத்து ஒவ்வொரு பகுதியாக ஒற்றி எடுத்தார். கழுவி முடித்தபோது பானட்டின் இடது பாதியில் தண்ணீர் மறுபடி முத்தாகத் திரண்டது. வலது பாதியில் திரளவில்லை. அந்தப் பாதியில் பூச்சு சரியாகப் பிடிக்கவே இல்லை என்பது அவர் கணிப்பு. நான்கைந்து வளையங்கள் கிளியர் கோட்டையே அரித்துவிட்டிருந்தன.

அந்த வளையங்களில் என் பங்கும் உண்டு என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று அவர் கேட்டார். ஆர்ஓ தண்ணீர் என்று பெருமையோடு சொன்னேன். சமையலறை ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் வாளியில் பிடித்து அதில்தான் ஞாயிறுதோறும் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார். வீட்டில் வைத்துப் பார்த்தேன்: எங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 1,140 மில்லிகிராம், கழிவு வாளியில் 1,600க்கு மேல். குடிநீருக்கு 500 வரைதான் விரும்பத்தக்கது என்பது இந்தியத் தரநிலை. ஆர்ஓ கருவி நல்ல தண்ணீரை ஒரு பக்கம் தந்துவிட்டு, உப்பையெல்லாம் திரட்டி மறுபக்கம் தள்ளுகிறது. திரட்டிய அந்த உப்பைத்தான் நான் வண்டிக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயமும் அவர் சொல்லித்தான் புரிந்தது. பூச்சில்லாத பெயின்டில் தண்ணீர் பரவிக் காய்வதால் உப்பு மெல்லியதாகப் படிகிறது. பூச்சுள்ள பெயின்டில் துளி துளியாக நின்று காய்வதால், ஒவ்வொரு துளியின் உப்பும் ஒரே வட்டத்துக்குள் குவிகிறது. சரிவான கதவில் துளி உருண்டு விழுந்துவிடும். படுக்கையான பானட்டிலும் கூரையிலும் தங்கிவிடும். ஆகவே கோட்டிங் போட்ட வண்டியை உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுவது, போடாத வண்டியை விட மோசமான கறையைத் தரும். தண்ணீர் ஓடுகிறது என்று பெருமைப்படலாமே தவிர, துடைக்காமல் விடலாம் என்று அதற்குப் பொருளில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் வைத்து, முதலில் பைப்பால் தூசியைத் தளர்த்தி ஓடவிடுகிறேன். காரத்தன்மை இல்லாத கார் ஷாம்பு ஒரு வாளியில், துணியை அலசச் சாதாரணத் தண்ணீர் இன்னொரு வாளியில். சக்கரத்துக்குத் தனித் துணி. வாட்டர் வாஷ் கடைகளில் சக்கரம் துடைத்த அதே துணி பானட்டுக்கு வருவதை ஒருமுறை நின்று பார்த்தால் அந்தப் பக்கம் போகமாட்டீர்கள். போர் தண்ணீரைத் தவிர்க்க வழியில்லை. அதனால் ஒரு பகுதியைக் கழுவியதுமே தடித்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன். காக்கை எச்சத்தை மாலைவரை விட்டுவைப்பதில்லை. டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஈரத்துணியும் எப்போதும் இருக்கின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை மேலே தெளித்துத் துடைக்கும் சிலிகா திரவத்தைப் போடச் சொல்லியிருக்கிறார். இத்தனை வேலையும் செய்தால் பூச்சு பலன் தருகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கதவுகளில் தூசி ஒட்டிப்பிடிக்காமல் சீக்கிரம் போகிறது, நீலம் ஆழமாகத் தெரிகிறது. அவ்வளவு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தக் கடைக்காரர் மீது வழக்குப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்து அழைத்து, ஒருமுறை இலவசமாகப் பராமரிப்பு செய்து தருகிறோம் என்றார்கள். அந்த "லேசான பாலிஷ்" நினைவுக்கு வர, வேண்டாம் என்றேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். என்னிடம் இருப்பவை பத்தாயிரம் அனுப்பிய பதிவு, "5 வருஷம் கவலையே வேண்டாம் சார்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அட்டை, அந்தக் குவளைத் தண்ணீர்க் காணொளி. ரொக்கமாகக் கொடுத்த 25,000 ரூபாயை எப்படி மெய்ப்பிப்பது என்பதற்கு இதுவரை வழி தெரியவில்லை.

பானட்டை மட்டும் பாலிஷ் போட்டு மறுபடி பூச, ஒத்தக்கடைக்காரர் 5,500 ரூபாய் கேட்டிருக்கிறார், வரி உட்பட, பில்லோடு. பில்லின் கீழே பொருளின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதிவிட்டு, கல் தெறித்தால் சில்லு விழும், அரித்த வளையங்களில் இரண்டு முழுதாகப் போகாது, ஒரு வாரம் கழுவக்கூடாது என்று தமிழில் தன் கையாலேயே எழுதி என்னிடம் கையெழுத்து கேட்டார். எத்தனை வருஷம் தாங்கும் என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். "நீங்க எப்படிக் கழுவுறீங்கன்னு பாத்துட்டு அடுத்த சித்திரையில சொல்றேண்ணே" என்றார். வெள்ளிக்கிழமை வண்டியை விடுகிறேன். திங்கட்கிழமைக்கு முன் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார்.