பஸ் பெயின்ட்டும் என் 57 அடிப் படகும்

2025 மே மாதத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயில் விகனுக்கும் கார்கிரேவுக்கும் இடையே படகுகளை ஏற்றி இறக்கும் லாக்குகளைப் பூட்டிவிட்டார்கள். மழையே இல்லை, மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வற்றிக்கொண்டிருந்தன. அடிப்பாகத்துக்குத் தார் பூச நான் பதிவு செய்திருந்த டிரை டாக், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுப் படகை நிறுத்தும் தொட்டி, அந்தப் பூட்டுக்கு அப்பால் இருந்தது. “தண்ணிதான் இறங்குதே, அடிப்பக்கம் தானா தெரியுமே, அங்கேயே பூசிடேன்” என்று தம்பி போனில் யோசனை சொன்னான். படகும் கூடவே இறங்கும்டா என்றேன்.

சரி, மேலே கேபினுக்காவது அடிப்போம் என்று கருநீலத்தில் கோச் எனாமல் வாங்கினேன், ஒரு லிட்டர் டப்பா நான்கு. நேரோபோட் என்கிற இந்த ஒடுக்கமான நீளக் கால்வாய்ப் படகுக்கு இங்கே பலரும் அடிப்பது இதைத்தான். பெயரே சொல்கிறது, பஸ்ஸுக்கும் வண்டிக்கும் அடிக்கிற வகை. கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நடந்ததில் பாதித் தப்பு என்னுடையது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்தால் தேன் மாதிரி இருக்கிறது. அடியில் பூசும் அண்டர்கோட் ஒழுங்காக இருந்தால் இரண்டு கோட்டில் மூடிவிடுகிறது. ஜன்னலுக்குக் கீழே கரடாகத் துரு பிடித்திருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் இரண்டு கோட் கொடுத்திருந்தேன். இப்போது தடவிப் பார்த்தால் எங்கே சுரண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் முதல் நாள் கூத்து வேறு. வானம் வெளுத்துக் கிடக்கிறது, இதைவிட நல்ல நாள் எப்போது வரும் என்று காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். கரைப்பக்கம் நேராகத் தெற்கு வெயில். எவ்வளவு வெப்பம் வரை அடிக்கலாம் என்று டப்பாவில் எழுதியிருப்பது காற்றின் வெப்பம். கருநீலம் அடித்த 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு அதைவிட எவ்வளவோ அதிகம் கொதிக்கிறது. ரோலரில் இழுத்துவிட்டு, பிரஷ்ஷால் நீவ வருவதற்குள் பெயின்ட் ஆடை கட்டிவிட்டது. பிரஷ் போன இடமெல்லாம் உழுத வயல். போதாக்குறைக்கு, பாதையில் சைக்கிள் போகும்போதெல்லாம் கிளம்பிய புழுதி. விட்டதைப் பிடிக்கலாம் என்று மாலையில் அடித்த கடைசிப் பகுதியில் ராத்திரிப் பனி இறங்கி, மறுநாள் பளபளப்பே போய்ப் புகை படிந்த மாதிரி நின்றது. வறட்சியிலும் கால்வாய் ஓரம் பனி பெய்யத்தான் செய்கிறது.

கரூரில் பஸ் பாடி பட்டறையில் பெயின்டராக இருந்த மாமாவுக்குப் படம் அனுப்பினேன். “தகரத்துல கைய வச்சுப் பாரு மாப்ள. கை தாங்கலேன்னா பிரஷ்ஷயும் வைக்காத” என்றார். இந்த ஒரு வரியை டப்பாவில் போட்டிருக்கலாம்.

தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். காலையில் பனியைத் துடைத்து, தகடு காய்ந்ததும் அடித்து, வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவது. பெயின்ட்டை இளக்கும் ஓவட்ரால் எண்ணெயைக் கொஞ்சம் கலந்ததும் பிரஷ் இழுபறி இல்லாமல் ஓடியது. இந்தப் பொருளுக்கு முழு மார்க். மறுபக்கம் அடிக்க, கால்வாய் அகலமாக இருக்கும் இடம் வரை போய்ப் படகைத் திருப்பிக்கொண்டு வரவேண்டும். அதில் அரை நாள் போனது.

என் உண்மையான புகார் மூன்றாவது டப்பா மேல்தான். அதே எண், அதே பெயர், ஆனால் ஒரு சாயல் வெளுப்பு. கடையில் கேட்டால், “எல்லா டப்பாவையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும்” என்கிறார்கள். விற்கும்போது சொல்ல வாய் வரவில்லை. மிச்சமிருந்ததையெல்லாம் ஒரே வாளியில் கலந்து, அந்தப் பக்கம் முழுவதற்கும் இன்னொரு கோட் கொடுத்தேன்.

அந்த ஆண்டு ஜூலை 11 முதல் யார்க்‌ஷயரில் ஹோஸ் பைப்புக்குத் தடை வந்தது. அதனால் வாளியும் துணியும்தான். அப்படித் துடைத்துத் துடைத்தும் பளபளப்பு குறையவில்லை. மறுபடி இதையே வாங்குவேன், கொஞ்சம் வெளிர் நிறத்தில். மீந்த கால் டப்பாவின் மூடியில் ‘கலந்தது’ என்று எழுதிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டிரை டாக்குக்குத்தான் இன்னும் தேதி கிடைக்கவில்லை.