ரிஸ்ஸோ டால்பின் மாதிரி உருவங்கள்: ஒரு மதிப்புரை

முதிர்ந்த விலங்கு, இளையது, குட்டி ஆகிய மூன்று உருவங்களும் ஒரு சிறு கையேடும் கொண்ட இந்தத் தொகுப்பு, உண்மை அளவில் இருபதில் ஒரு பங்காகச் செய்யப்பட்டது. ரிஸ்ஸோ டால்பின் ஏறத்தாழ 4 மீட்டர் வரை வளரும் என்பதால், 16 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய உருவம் நடுத்தரமான ஒரு விலங்குக்குப் பொருந்துகிறது.

தலையை வடித்த கைக்கு முழுப் பாராட்டும் உரியது. இந்த இனத்திற்கு நீண்ட அலகு கிடையாது. உருண்டு முன்தள்ளிய நெற்றியின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கும் பள்ளமே இதன் தனி அடையாளம். அதை ஆழம் குறையாமல் செதுக்கியிருக்கிறார்கள். வாய் சற்றே திறந்திருப்பதால், கீழ்த்தாடையின் முன்பகுதியில் மட்டும் இருக்கும் சில பற்களும் தெரிகின்றன. கணவாய்களை உறிஞ்சி விழுங்கி வாழும் விலங்குக்கு அதற்கு மேல் பற்கள் தேவைப்படுவதில்லை. உயர்ந்து வளைந்த முதுகுத் துடுப்பும் சரியாகவே அமைந்துள்ளது.

என் குறை வண்ணப்பூச்சைப் பற்றியது. பெரியதற்கும் இளையதற்கும் ஒரே அளவில், ஒரே திசையில் வெள்ளைக் கீறல்கள் தீட்டப்பட்டுள்ளன. ரிஸ்ஸோ டால்பினின் தழும்புகள் பெரும்பாலும் தன் இனத்தாரின் பற்கள் பட்டு உண்டானவை; காயம் ஆறிய இடத்தில் நிறம் திரும்பாததால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறல்கள் சேர்ந்து, முதுமையில் உடல் ஏறக்குறைய வெண்மையாகிவிடுகிறது. ஆகவே இளையது கருஞ்சாம்பல் நிறத்தில், சில கீறல்களோடு மட்டுமே இருந்திருக்க வேண்டும். ஒரு விலங்கு தன் கூட்டத்தில் கழித்த ஆண்டுகள் அதன் தோலிலேயே பதிகின்றன என்பதுதான் இந்த இனத்தின் பெருஞ்சிறப்பு. அதை அலங்காரக் கோடாக மாற்றியது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கையேடு இம்மூன்றையும் தந்தை, தாய், பிள்ளை என்று அறிமுகப்படுத்துவதும் தவறு. அசோர்ஸ் தீவுகளருகே நடந்து 2008-இல் வெளியான ஆய்வின்படி, இவை வயதையும் பாலினத்தையும் ஒட்டியே பிரிந்து சேர்கின்றன: முதிர்ந்த ஆண்கள் தமக்குள் நிலையான சிறு குழுக்களாகவும், பெண்கள் தனிக் குழுக்களாகவும் வாழ, இளையவற்றின் பிணைப்பு தளர்ந்தே இருக்கிறது. நியூசிலாந்தில் 1888 முதல் 1912 வரை கப்பல்களோடு நீந்தி வந்த, 1904-இல் அரசாணையால் பாதுகாக்கப்பட்ட பெலோரஸ் ஜாக் என்ற ரிஸ்ஸோ டால்பினைப் பற்றிய பக்கம் மட்டும் பிழையின்றி உள்ளது.

உடலமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கூட்டு வாழ்க்கையை விளக்க விரும்புவோர் பெரிய உருவத்தை மட்டும் தனியாக இரண்டோ மூன்றோ வாங்கி, அருகருகே வைப்பது பொருத்தமாக இருக்கும்.