சிக்கன் பாலக் கேசரோல்: வெள்ளை சாஸா, கிரீம் சீஸா?

சாஸோடு கலந்து அவனில் சுட்டெடுக்கும் இந்தக் கேசரோலுக்கு அரை கிலோ எலும்பில்லாத சிக்கன், அரை கிலோ பாலக்கீரை. நாலு பேருக்குப் போதும். இவை இரண்டு முறையிலும் ஒன்றுதான், சாஸ்தான் வேறு.

வெள்ளை சாஸுக்கு 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைச் சிறுதீயில் 2 நிமிடம் வறுக்கவும். நிறம் மாறக்கூடாது, பச்சை வாசனை போனால் சரி. அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கவும்; மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கரண்டியின் பின்பக்கம் படியும் பதத்தில் அடுப்பை அணைத்து, அதன் பிறகே 150 கிராம் துருவிய செடார் சேர்க்கவும். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் இறுகி, கொழுப்பு பிரிந்து, மணல் மணலாகிவிடும்.

கிரீம் சீஸ் அவசரத்துக்கு ஏற்றது. 200 கிராமை 100 மில்லி பாலோடு அடித்து, 100 கிராம் மொசரெல்லா கலந்தால் முடிந்தது. குளிர்ச்சியோடு அடித்தால் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். அதிலேயே உப்பு இருப்பதால் பாதி உப்பு போதும். மைதா இல்லாததால் கோதுமை ஒவ்வாதவர்களும் சாப்பிடலாம். ஆனால், கீரையின் நீரை உறிஞ்சி வைக்க இதில் மாவு இல்லை.

அதனால் கீரையை வதக்கி, ஆறவைத்து, துணியில் கட்டி நன்றாகப் பிழியவும். சிக்கனையும் முன்பே முழுக்க வேகவைத்துவிடவும்; பச்சையாகப் போட்டால் தட்டில் தண்ணீர் தேங்கும். பிறகு சிக்கன், கீரை, சாஸ் மூன்றையும் கலந்து, அவனில் 190 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுடவும்.

நேரம் இருந்தால் வெள்ளை சாஸைத்தான் செய்யவேண்டும். கீரையின் சுவையை அது அமுக்குவதில்லை.