“100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப்” என்று விற்ற கேமரா முதல் நாளே தண்ணீர் குடித்துவிட்டது – தூண்டில் போடப் போகிறவர்கள் கவனம்

மீன்பிடிக்கப் போகும்போது கொண்டுபோக விலை குறைவான வாட்டர்ப்ரூஃப் கேமரா தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கேமரா தண்ணீருக்குள் இருந்தது மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பிடித்த மீனைத் திரும்ப விடும்போது, ஒரு முழ ஆழத்தில் எடுத்த சில படங்கள், அவ்வளவுதான். முதலில் திரையில் கோடு கோடாக வந்தது. அடுத்து லென்ஸின் உள்பக்கம் புகைபோல மூடியது. பிறகு அணைந்தது, எழுந்திருக்கவே இல்லை. பெட்டியில் 3 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

10 மீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக ஏறும். ஒரு முழத்தில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதைத் தாங்காத மூடிக்கு 3 மீட்டர் என்று எழுத யார் அனுமதித்தார்கள்?

வாங்கியது ஒரு ஆன்லைன் சந்தையில், அங்கே கடை போட்டிருக்கும் ஒரு விற்பனையாளரிடம். பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே கேமரா, இதே படங்களோடு, அதே சந்தையில் இன்னும் நாலைந்து பெயர்களில் கிடக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் சாட்டில் கேட்டேன்: “கடல் தண்ணீரில் 3 மீட்டர் வரை தாங்குமா?” இரண்டே நிமிடத்தில் பதில்: “100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப் சார், பயமே வேண்டாம்.” கூடவே ஒரு வீடியோ. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், அதற்குள் கேமரா, திரை பளிச்சென்று எரிகிறது. ஒரு விரல் வந்து பட்டனை அழுத்துகிறது, படம் விழுகிறது. ஐபி எண் (தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துக் கொடுக்கும் எண்) என்ன, யார் சோதித்தது என்று கேட்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். அந்த வீடியோவைப் பார்த்ததும் கேட்கவில்லை, பணத்தைக் கட்டிவிட்டேன்.

இப்போது அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிண்ணத்தில் தண்ணீர் நாலு விரல் உயரம்தான். ஓடுவது 20 விநாடி. வெளியே எடுத்த பிறகு பேட்டரி மூடியைத் திறந்து காட்டவே இல்லை. கடல் தண்ணீரைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதிலில் கடல் என்ற சொல்லே கிடையாது.

தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று வீட்டில் வைத்துப் பார்த்தேன். இந்த வகைக் கேமராக்களில் பேட்டரியும் மெமரி கார்டும் ஒரே மூடிக்குள் இருக்கும். மூடியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் பேக்கிங் ஓடும். மூடும்போது அது சுற்றிலும் ஒரே அளவு நசுங்கினால்தான் தண்ணீர் நிற்கும். இதில் தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது. மெல்லிய தாள் கீற்று ஒன்றை நடுவில் வைத்து மூடி இழுத்தேன். தாழ்ப்பாள் பக்கம் கீற்று கிழிகிறதே தவிர வரவில்லை. கீல் பக்கம் வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கம் பேக்கிங்கில் அச்சில் வார்த்தபோது விட்டுப்போன பிசிறு ஒன்று, தலைமுடி கனத்தில், விரல் நுனியில் தட்டுகிறது. தலைமுடி கனம் போதும். நல்ல கேமராவிலும் ஒரு மணல் துகள், ஒரு முடி, தூண்டில் நரம்புத் துண்டு ஒன்று பேக்கிங்கில் ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். இதில் அந்தக் குறையைத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சார்ஜ் போடும் துளைக்குத் தனி மூடிகூட இல்லை, ஒரு ரப்பர் அடைப்பு மட்டும். தாழ்ப்பாள் கிடையாது, நகம் பட்டால் திறந்துகொள்கிறது.

மறுநாள் காலை பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு. உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். பேட்டரி உள்ளேயே இருந்தால் முனைகளும் சர்க்யூட்டில் உள்ள செம்புக் கோடுகளும் அரிக்கத் தொடங்கிவிடும். காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் தண்ணீர் போனது தெரிந்ததும் ஆன் செய்து பார்க்கக் கூடாது, உடனே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினேன். ஆனால் திரையில் கோடு வந்தபோதே காரியம் முடிந்துவிட்டது.

சரி, பொருள் கெட்டுப்போகலாம். அதற்குப் பிறகு அவர்கள் பேசிய பேச்சுதான் வயிற்றெரிச்சல். முதல் நாள்: “மூடியைச் சரியாக லாக் செய்தீர்களா சார்? படம் அனுப்புங்கள்.” ஆறு படம் அனுப்பினேன். இரண்டாம் நாள்: “உப்புத் தண்ணீரில் பயன்படுத்தினீர்களா? இது நல்ல தண்ணீருக்கு மட்டும்.” அவர்கள் விற்பனைப் பக்கத்தின் முதல் படமே அலைக்குள் நின்று மீனைத் தூக்கிக் காட்டும் ஆள்! அதைச் சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டு மூன்றாவது கேள்விக்குத் தாவினார்கள்: “பேட்டரி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், சிவப்பாகிவிட்டதா?” ஆகியிருந்தது. “அப்படியானால் தண்ணீர் போயிருக்கிறது சார், தண்ணீர் போனால் வாரண்டி இல்லை.”

தண்ணீர் போகாது என்று சொல்லி விற்ற கேமரா. தண்ணீர் போய்விட்டது என்பதையே காரணமாகக் காட்டி வாரண்டியை மறுக்கிறார்கள். இதை நான்கு விதமாக எழுதிக் கேட்டும் ஒரே வரியை ஒட்டி ஒட்டி அனுப்பினார்கள். சந்தையின் கஸ்டமர் கேரில் புகார் கொடுத்தால் “விற்பனையாளரிடம் பேசுங்கள்.” விற்பனையாளரிடம் போனால் “தளத்தில் ரிட்டர்ன் போடுங்கள்.” ரிட்டர்ன் போடப் போனால் 7 நாள் கெடு தாண்டி 2 நாள் ஆகிவிட்டது. பெட்டி வந்த வாரம் கடற்கரைப் பக்கம் போக முடியாமல் போனதற்கு விலை, அரை மாதச் சம்பளம். புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்கள், இன்று காலை அது “தீர்க்கப்பட்டது” என்று காட்டுகிறது. எதைத் தீர்த்தார்கள்?

கெட்டுப்போவதற்கு முன் எடுத்த படங்களையும் கணினியில் போட்டுப் பார்த்தேன். அதிலும் மோசடி. பெட்டியில் 48 மெகாபிக்சல். விவரத் தாளின் கடைசியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில், இன்டர்போலேஷன் என்று இருக்கிறது. அதாவது உள்ளே இருப்பது சிறிய சென்சார். அது எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. முழு அளவில் பார்த்தால் மீனின் செதில்கள் ஒன்றோடு ஒன்று இழைந்து மெழுகு பூசினது போல இருக்கின்றன. 16 மடங்கு ஜூம் என்பதும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான், லென்ஸ் அசைவதே இல்லை. ஃப்ளாஷ் என்று போட்டது ஒரு சின்ன எல்இடி. ஆட்டோஃபோகஸும் கிடையாது, நிலையான ஃபோகஸ்தான். கை நீட்டிப் பிடித்த மீனுக்குப் பின்னால் இருக்கும் கரை தெளிவாக விழுகிறது, மீனின் கண்ணும் வாயில் மாட்டிய முள்ளும் கலங்கி விழுகின்றன. மீன் படத்துக்கு வேண்டியதே கிட்டத்தில் விழும் ஃபோகஸ்தான்.

எந்தக் கேமரா வாங்கலாம் என்று முழுதாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம், அதுவும் அசையாத நல்ல தண்ணீரில். ஐபிஎக்ஸ்8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆனால் எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த 8-க்கு அர்த்தமில்லை. எழுதுகிறவர்கள் தெளிவாகவே எழுதுகிறார்கள்: ஒலிம்பஸ் டிஜி-6-க்கு 15 மீட்டர், ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்பி140-க்கு 25, நிக்கான் டபிள்யூ300-க்கு 30. பழைய கேமராவாக இவற்றை வாங்குகிறவர்கள் பேக்கிங் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பதில் தெரியாது என்றால் அதை மழைக்கு மட்டும் தாங்கும் கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீருக்குள் விடாதீர்கள்.

தண்ணீர் புகுந்தால் வாரண்டி உண்டா, இல்லையா? பணம் கட்டும் முன் இதை எழுத்தில் வாங்குங்கள். “பயமே வேண்டாம்” என்று வந்தால் அந்த இடத்திலேயே விலகுங்கள்.

பெட்டி வந்த அன்றே சோதியுங்கள், என்னைப் போல ஒன்பது நாள் வைத்திருக்காதீர்கள். பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுத்துவிட்டு, உள்ளே காய்ந்த டிஷ்யூ தாள் வைத்து மூடி, வாளித் தண்ணீரின் அடியில் 30 நிமிடம். எடுத்து வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்து, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறங்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் அப்படியே திருப்பி அனுப்புங்கள். இது பெரிய ஓட்டையைத்தான் காட்டும், 10 மீட்டருக்குச் சான்று இல்லை. திறப்பது முதல் திருப்பி அனுப்புவது வரை எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்.

படகில் ஈரக் கையோடு மூடியைத் திறக்கவே வேண்டாம், பேட்டரியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். கடலிலிருந்து வந்ததும், மூடியைத் திறப்பதற்கு முன், நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு உப்பை எடுங்கள். குழாயைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். தண்ணீர்ப் பீய்ச்சலுக்கு ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்று தனிச் சோதனை, 7-ம் 8-ம் அதைச் சொல்வதில்லை. இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் மூழ்கும், மிதக்கும் வார் தனியாக வாங்கி மாட்டுங்கள். ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது, பட்டன் உள்ளதையே பாருங்கள்.

அந்த 20 விநாடி கிண்ண வீடியோ உங்களுக்கும் வரும். மூடியைத் திறந்து உள்ளே காட்டச் சொல்லுங்கள்.