கொய்யா வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பேசிலோமைசிஸ்: சில வருஷம் போட்டுப் பார்த்த அனுபவம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பேசிலோமைசிஸ் என்பது நூற்புழுவைத் தாக்குகிற ஒரு காளான் (பூஞ்சாணம்), பவுடராகக் கிடைக்கிறது. வாடத் தொடங்கிவிட்ட கொய்யா மரத்தை அது காப்பாற்றாது. ஆனால் கன்று நடும்போதே குழியில் போட்டு, அப்புறம் வருஷா வருஷம் தொழுவுரத்தோடு விடாமல் கொடுத்து வந்தால் நூற்புழு இருக்கிற நிலத்திலும் கொய்யா நன்றாகவே காய்க்கிறது. எங்கள் தோட்டம் பழனிப் பக்கம், செம்மண், சொட்டுநீர். லக்னோ 49 பழைய மரங்களும் தைவான் பிங்க் புது நடவும் இருக்கின்றன. இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நூற்புழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொய்யாவைக் கொல்வது மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற வேர்முடிச்சு நூற்புழு. கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிப் பகுதியில் இது இருப்பதாக 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். வழக்கமான வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்குகிற தக்காளி ரகங்கள்கூட இதனிடம் தோற்றுவிடும். மேலே பார்த்தால் இலை செம்பழுப்பாகி உதிரும், காய் சிறுக்கும், தண்ணீர் பற்றவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் பாய்ச்சுவார்கள், மரம் இன்னும் வேகமாகப் போகும், ஏனென்றால் புழு துளைத்த வேரில் வாடல் பூஞ்சாணமும் சுலபமாக ஏறிவிடுகிறது. தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்: சல்லி வேர் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு. பெரும்பாலும் இது கன்றோடுதான் தோட்டத்துக்குள் வருகிறது. நான் வாங்கிய ஒரு லோடு கன்றில், பாலித்தீன் பையைக் கிழித்து மண்ணை உதிர்த்ததுமே பலவற்றில் முடிச்சு தெரிந்தது. நர்சரிக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். பையைக் கிழித்துப் பார்க்க விடாத நர்சரியில் கொய்யாக் கன்று வாங்காதீர்கள்.

சரி, இந்தக் காளான் என்னதான் செய்கிறது? பெண் புழு வேருக்குள் உட்கார்ந்தபடி, கூழ் மாதிரி ஒரு பொதியில் சில நூறு முட்டைகள் இடும். நம்ம ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை. பேசிலோமைசிஸ் முக்கியமாகத் தாக்குவது அந்த முட்டையை. வேளாண் அறிவியல் நிலையத்தில் என் மரத்து வேரிலிருந்து எடுத்த முட்டைப் பொதியை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். நல்ல முட்டைக்குள் குட்டிப் புழு சுருண்டு சுருண்டு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த வேறு முட்டைகளின் ஓட்டைச் சுற்றி வெள்ளை இழை படர்ந்து, உள்ளே உருவம் எதுவும் இல்லாமல் கலங்கிப் போயிருந்தது. இழை ஓட்டில் ஒட்டிக்கொண்டு, புரதத்தையும் கைட்டினையும் கரைக்கிற நொதிகளை விட்டு உள்ளே இறங்குகிறது. இளம் முட்டை என்றால் சுலபமாக மாட்டும், உள்ளே புழு உருவாகிவிட்ட முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். ஏற்கனவே வேருக்குள் போய்விட்ட புழுவுக்கும் இதனால் பெரிய ஆபத்தில்லை. அதனால்தான் போட்ட மாதமே பலன் தேடினால் ஒன்றும் தெரியாது. எனக்கு வித்தியாசம் தெரிந்தது அடுத்த பருவத்தில், புதிதாக வந்த வெள்ளை வேரில் முடிச்சு குறைந்திருந்ததை வைத்துத்தான்.

பவுடரை அப்படியே தண்ணீரில் கரைத்து ஊற்றுவது வீண் என்பது என் அபிப்பிராயம். ஒரு டன் மக்கிய தொழுவுரத்துக்கு இரண்டு கிலோ பவுடர், கூடவே வேப்பம் புண்ணாக்கு. நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் வைத்து, இரண்டு வாரம் ஊறவிட்டு, நடுவில் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். அப்புறம் மரத்தடியில் சல்லி வேர் ஓடுகிற இடத்தைக் கிளறிப் போட்டு மூடாக்கு. காளானுக்குப் பிடித்த சூடு 25 முதல் 30 டிகிரிதான், சித்திரை வெயிலில் மொட்டை மண்ணில் போட்டால் பாழ். நான் ஐப்பசி மழையை ஒட்டிப் போடுகிறேன். மரங்களுக்கு இடையில் செண்டுமல்லியும் விடுகிறேன், அதன் வேரே நூற்புழுவுக்கு ஆகாது.

பழைய லக்னோ மரங்களில் பலன் சுமார்தான். முடிச்சு பெரிதாக இருக்கும்போது முட்டைப் பொதி வேருக்குள்ளேயே புதைந்துவிடுகிறது, வெளியே மண்ணில் இருக்கிற காளானுக்கு அது எட்டுவதில்லை. இதை இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிரையன் கெர்ரி குழுவினர் பொக்கோனியா என்ற இன்னொரு முட்டைக் காளானை வைத்து விளக்கியிருக்கிறார்கள். அங்கே தொடர்ந்து தானியமே விதைத்த வயல்களில் ஒரு கட்டத்துக்குமேல் நூற்புழு தானாகக் குறைந்தது, காரணம் தேடியபோது மண்ணிலிருந்த காளான்கள் அகப்பட்டன. மருந்தே போடாமல் மண் தன்னைச் சரிசெய்துகொண்ட அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொக்கோனியா நம்ம கடைகளிலும் கிடைக்கிறது, பேசிலோமைசிஸோடு சேர்த்தே போடுகிறேன். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என் தோட்டத்தில் வழியில்லை.

ஆர்த்ரோபோட்ரிஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வலை பின்னி உயிருள்ள புழுவையே பிடிக்கிற காளான் அது. அதன் உறவுக் காளான்கள் சில மூன்று செல் வளையம் வைத்திருக்கும், புழு நுழைந்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வளையம் உப்பி இறுகிவிடும். பார்க்க அதிசயம்தான். ஆனால் கொய்யாவுக்கு நம்பிப் போடுகிற மாதிரி ஒரு பாக்கெட் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

பேசிலோமைசிஸ் வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2011-க்குப் பிறகு இதற்குப் பர்ப்பூரியோசிலியம் லைலாசினம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், லேபிளில் எது இருந்தாலும் சரக்கு ஒன்றே. இரண்டு கம்பெனி பாக்கெட்டை ஆய்வகத்தில் கொடுத்து வளர்த்துப் பார்த்தேன். ஒன்றில் வெள்ளையாகக் கிளம்பி சில நாளில் இளம் ஊதாவாக மாறிய சுத்தமான படலம் வந்தது. மற்றதில் கறுப்புப் பூசணம் மட்டும்தான். வெயில் படுகிற கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் உயிர் எங்கே இருக்கும்? காசு கொடுக்கிற விவசாயிக்கு இதைச் சோதித்துச் சொல்ல உள்ளூரிலேயே ஒரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். இந்தக் காளான் அபூர்வமாக மனிதர் கண்ணில் தொற்றி விழிப்படலத்தைப் புண்ணாக்கிய சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. பவுடர் கலக்கும்போது மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கண்ணுக்குள் லென்ஸ் மாட்டுகிறவர்கள் அந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

நூற்புழுவுக்குப் போடுகிற ரசாயன மருந்தான ஃபுளுயோபைரத்தோடு ஒப்பிட்டால் பேசிலோமைசிஸுக்குச் செலவு ரொம்பக் குறைவு. இரண்டையும் ஒரே சமயத்தில் நான் கொடுப்பதில்லை, அந்த மருந்தே பூஞ்சாணத்தையும் அடக்குகிற வகை. இப்போது சிப்பிக் காளான் அறுவடை முடிந்த வைக்கோல் படுக்கைகளையும் சில மரங்களின் தூரில் போட்டு வைத்திருக்கிறேன். சிப்பிக் காளானின் இழையில் இருக்கும் நுண்ணிய குமிழ்கள் நூற்புழுவை முடக்குகின்றன, அதற்குக் காரணமான பொருளைத் தைவான் ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் கண்டுபிடித்தார்கள். அறுவடை முடிந்த படுக்கையில் அந்த வேகம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை அடுத்த காய்ப்பு முடிந்ததும் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.